கொன்றவனும் கொண்டவனும்: நீலகேசியின் ஊன்விலக்கு வாதமும் வைணவ உரைமரபும்

சமண சமயத்தை மறுத்த வைணவ ஆசாரியர்கள் அச்சமயத்தின் எப்பகுதியை மறுத்தார்கள், எப்பகுதியைத் தொடாது விடுத்தார்கள் என்னும் வினா உரைநூல் ஆய்வில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் பாதத்தில் எம்பெருமானார் சமண மதத்தை எடுத்துக்கொள்ளும் இடம் நான்கே சூத்திரங்கள் அளவினது. ஒரு பொருளிடத்து உண்மையும் இன்மையும் ஒருங்கே பொருந்தா என்று ஸப்தபங்கி நியாயம் அங்கே மறுக்கப்படுகிறது. ஆன்மா உடலின் அளவாய் விரிந்து சுருங்கும் என்னும் கொள்கையும் மறுக்கப்படுகிறது. கொல்லாமை அங்கே மறுக்கப்படவில்லை. மறுப்பு முழுவதும் அளவையியலையும் ஆன்மாவின் பரிமாணத்தையும் பற்றியது. ஒழுக்கத்தின்மேல் அது செல்லவில்லை.

இவ்விடைவெளி தற்செயலானதன்று. கொல்லாமையை வைணவமும் தன் அறமாகவே கொண்டது. ஆயின் அதனை எவ்வாறு நிறுவுவது, அதன் எல்லை யாது, ஓர் உயிரின் கேட்டிற்குப் பொறுப்பாளர் யார் யார் என்னும் வினாக்களைச் சமணர் ஆராய்ந்த அளவு பிறர் ஆராயவில்லை. தமிழில் அவ்வாராய்ச்சியின் கூர்மையான வடிவம் நீலகேசி. அந்நூலின் ஊன்விலக்கு வாதத்தையும், அதனோடு ஒத்துச் செல்லும் பரிமேலழகர் உரையையும், இராமாநுஜரின் வேள்வி விளக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் மூன்றும் ஒன்றையொன்று சோதிப்பதைக் காணலாம். அச்சோதனைக்கு உரிய உரைகல், சமணப் பள்ளிகள் ஒருகாலத்தில் செழித்ததும் இன்று தோல் தொழிலால் அறியப்படுவதுமான பாலாற்றங்கரை நாடு.

பள்ளிகள் இருந்த நாடு

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் என்னும் ஊர்கள் இன்று தோல் பதனிடுதலாலும் காலணித் தொழிலாலும் பெயர் பெற்றவை. இவற்றின் இடையிடையே நிற்கும் குன்றுகள் வேறொரு வரலாற்றைச் சொல்லும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அணித்தான மலையாம்பட்டின் அருகே உள்ள ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவமலை கல்வெட்டுகளில் திருப்பான்மலை எனப்படும். அங்கே நந்திவர்மன் காலத்தில் பொன்னியக்கியார் திருவுருவம் செதுக்கப்பட்டது. முதலாம் இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டில் அம்மலைப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்த ஊரின்மேல் விதிக்கப்பட்ட கர்ப்பூரவிலை முதலிய இறைகளை, தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கி, இலாடராசன் வீரசோழன் நீக்கினான்.

இவற்றுள் தனித்து எண்ணத்தக்கது விளாப்பாக்கத்துக் கல்வெட்டு. திருப்பான்மலை அரிட்டநேமி பிடாரரின் மாணவியாகிய பட்டினிக் குரத்தியடிகள் அவ்வூரில் எடுப்பித்த கிணற்றை அது குறிக்கிறது. காலம் முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழக் கி.பி. 945. பட்டினி நோன்பைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு துறவி ஊருக்குத் தந்தது தண்ணீர். உண்ணாமையால் தன்னுடலைச் சுருக்கிக்கொள்வதும் பிறருக்கு நீர் தேடித் தருவதும் ஒரே துறவின் இரு முகங்கள். சமணத் துறவை உலக வெறுப்பு என்று சுருக்கிப் பேசும் வழக்கம் இக்கல்வெட்டின்முன் நில்லாது.

நீலகேசியின் வாதம்

நீலகேசியை இயற்றியவர் பெயர் தெரிந்திலது. குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்கு எதிர்நூலாக எழுந்த இதற்குச் சமய திவாகர வாமன முனிவர் வகுத்த உரை கிடைத்துள்ளது. நூலையும் உரையையும் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். கதை தொடங்கும் இடமே கருதத்தக்கது. காளி கோயிலில் பலியிட வந்தவர்களை முனிச்சந்திரர் தடுக்கிறார். உயிர்ப்பலிக்கு ஈடாக மண்ணுருவம் படைக்கச் சொல்கிறார். சினந்த தெய்வத்தின் பொருட்டு அவரை அச்சுறுத்த வந்த பேய்மகளே நீலகேசி. அவள் முனிவரிடம் தோற்று, அறம் கேட்டு, வாதியாகிறாள். கொலையை வேண்டிய பக்கத்திலிருந்து வந்தவளே கொல்லாமையின் வழக்குரைஞர் ஆவது இந்நூலின் காப்பிய வலிமை. எதிர்த்தரப்பின் பசியையும் சினத்தையும் உள்ளிருந்து அறிந்தவள் ஆதலால் அவள் வாதம் வெறும் நூலறிவாக ஒலிப்பதில்லை.

பௌத்தரோடு அவள் நிகழ்த்தும் வாதங்களுள் ஊனுண்ணல் பற்றியது தலையாயது. தனக்கென்று கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் ஒருவன் பெற்ற ஊன் குற்றமற்றது என்பது பௌத்த விநயத்தின் கொள்கை. இதன்படி வினை கொன்றவனோடு முடியும். விலைக்குக் கொண்டவனுக்கும் உண்டவனுக்கும் தொடர்பில்லை. நீலகேசி இச்சங்கிலியை அறுபடவிடாமல் பற்றுகிறாள். கொள்வோர் உளர் என்னும் துணிவே கொல்வோனின் கையை இயக்குகிறது. ஆகவே, பெயர் சுட்டிக் கொல்லாவிடினும் கொள்வோர் கூட்டம் முழுவதையும் சுட்டியே அக்கொலை நிகழ்கிறது.

எதிர்வாதி வாளாவிருக்கவில்லை. சமணத் துறவியர் கையிலுள்ள மயிற்பீலியும் ஓர் உயிரின் உடற்பகுதியன்றோ, பீலியை வேண்டுவோர் மயிற்கொலைக்கு உடந்தையாகாரோ என்று திருப்பிக் கேட்கிறான். விடை ஒரு வேறுபாட்டில் நிற்கிறது. பீலியை மயில் தானே உதிர்க்கும். அதனைப் பெறக் கொலை வேண்டியதில்லை. ஊன் அவ்வாறு உதிராது. ஒரு பொருள் உயிரின் உடலிலிருந்து வந்தது என்பதனாலேயே அது விலக்கப்படுவதில்லை; அதனைப் பெறுதற்குக் கொலை இன்றியமையாததோ என்பதே அளவுகோல்.

பரிமேலழகரின் அருத்தாபத்தி

இவ்வாதம் சமண நூலோடு நின்றுவிடவில்லை. காஞ்சியைச் சார்ந்த வைணவர் என்று மரபு கொள்ளும் பரிமேலழகர், புலான் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறளுக்கு எழுதிய உரையில் ஒரு வாதியை முன்னிறுத்துகிறார். தின்கை பின்னே நிகழ்வது, கொலை முன்னே நிகழ்வது. பின்னது முன்னதற்குக் காரணமாகாது. ஆதலின் தின்பார்க்குப் பாவமில்லை என்பது அவ்வாதியின் கூற்று. தின்பார் இல்லாவிடத்து விற்பார் இல்லை என்னும் குறட்பொருளை அருத்தாபத்தி என்னும் அளவையாகக் கொண்டு, தின்கையும் காரணமே என்று அவர் நிறுவுகிறார். பௌத்தரை அவர் பெயரிட்டுச் சுட்டவில்லை. எனினும் மறுக்கப்படும் கருத்து நீலகேசியின் எதிர்வாதி கொண்ட கருத்தேயாகும். அக்குறளில் ‘கொல்லாது’, ‘கொள்ளாது’ என இரு பாடங்கள் வழங்குவதும் பொருளுடையது. ஓரெழுத்து வேற்றுமையில் கொலையும் கொள்முதலும் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து நிற்கின்றன. எப்பாடத்தைக் கொண்டாலும் முடிபு ஒன்றே.

ஆயின் பரிமேலழகர் நீலகேசியோடு இறுதிவரை செல்வதில்லை. கொல்லாமை அதிகாரத்தின் எட்டாம் குறளுக்கு உரை கூறுகையில், வேள்வியில் தேவர்பொருட்டுக் கொல்லுதலால் வரும் ஆக்கம் இல்லறத்தார்க்குச் சொல்லப்பட்டது என்று ஏற்றுக்கொண்டு, துறவான் அமைந்தார்க்கு அது கடைப்பட்டது என்று பிரிக்கிறார். நிலைக்கேற்ப அறம் வேறுபடும் என்பது அவர் வழி. இந்தப் பிரிவைச் சமணரும் அறிவர். முனிவர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்பது அவர் வகுப்பு. அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்கு விதிக்கும் கொல்லாமை முனிவர்க்குரியதைப்போல் முழுமையானதன்று. ஆனால் சமணரின் பிரிவு அளவைப் பற்றியது. எந்நிலையிலும் கொலை நன்மையாக மாறுவதில்லை. பரிமேலழகரின் பிரிவோ, ஒரு நிலையில் கொலைக்குப் பயனும் உண்டு என்று இசைகிறது. நீலகேசியின் வேதவாதச் சருக்கம் தாக்குவது இவ்விசைவையே.

எம்பெருமானாரின் மருத்துவர்

இத்தாக்குதலுக்கு வைணவ வேதாந்தத்தின் விடை ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயத்து முதற்பாதத்தில் உள்ளது. வேள்விப்பசு மேலுலகம் எய்துவதாக வேதம் சொல்வதால், அங்கு நிகழ்வது ஹிம்சை ஆகாது. நோயாளிக்குச் சிறுதுன்பம் தந்து பெருநலம் விளைக்கும் மருத்துவனின் செயல் ஹிம்சை எனப்படாததுபோல என்கிறார் எம்பெருமானார். கீதா பாஷ்யத்திலும் இக்கருத்து வருகிறது.

இவ்விடையைச் சமணர் ஏற்கார். வேதப் பிராமாணியத்தை ஏற்காதவர்க்கு அது சான்றாகாது. ஆயினும் விடையின் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இராமாநுஜர் கொலையை அதன் பயன் நோக்கி நியாயப்படுத்தினார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்டு. அது பாதி உண்மையே. எவர்க்கு வரும் பயன் என்பதில்தான் வாதம் நிற்கிறது. மருத்துவன் அறுப்பது நோயாளியின் நலத்திற்காக. தன் கூலிக்காகவோ மூன்றாமவரின் வசதிக்காகவோ அன்று. துன்புறும் உயிருக்கே மேலான நன்மை வருமாயின், அதுவும் சாத்திரம் ஒன்றாலேயே அறியப்படுமாயின், அங்கு ஹிம்சை இல்லை. இவ்விலக்கணத்திற்குள் அடங்காத கொலை யாவும் ஹிம்சையாகவே எஞ்சும். சந்தைக்காக நிகழும் எந்தக் கொலையும் இவ்வாயிலில் நுழைய இயலாது. வேள்வியைக் காக்க எழுந்த வாதம், வேள்விக்குப் புறத்தே கொல்லாமையை இறுக்கமாக்கி விட்டுச் செல்கிறது. அக்கினீஷோமீயம் அரிதாகிவிட்ட காலத்தில் இவ்வாதத்தின் எஞ்சிய பொருள் இதுவேயாம்.

தோல் என்னும் சோதனை

மேற்கண்ட மூன்று வாதங்களும் ஊனைப் பற்றியவை. தோலிடத்து அவை எவ்வாறு செல்லும்? பாலாற்றங்கரைத் தொழிலின் சார்பில் எப்போதும் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. விலங்கு ஊனுக்காகக் கொல்லப்படுகிறது; தோல் அதன் உடன்விளைவு; பதனிடுவோர் கொள்ளாவிடின் அது அழுகி வீணாகும். இது பரிமேலழகர் முன்னிறுத்திய வாதியின் குரலே. முன் நிகழ்ந்த கொலைக்குப் பின் வரும் கொள்முதல் காரணமன்று என்பதே இங்கும் கூற்று.

இவ்விடத்தில் அருத்தாபத்தியை அப்படியே எடுத்துச் செலுத்துதல் நேர்மையன்று. ஊன் தின்பார் இல்லையேல் விற்பார் இல்லை என்பது துணிவு. தோல் கொள்வார் இல்லையேல் கொல்வார் இல்லை என்பது அவ்வளவு துணிவன்று. ஊனுக்கான கொலை அப்போதும் நிகழும். ஆயினும் தோலின் விலை கொலைத்தொழிலின் வருவாயில் ஒரு பங்கு ஆதலின், தோல் கொள்வோர் முழுக் காரணர் அல்லராயினும் துணைக்காரணர் ஆவர். இத்தகைய பகுதிப் பொறுப்பை அளந்து சொல்லும் கருவி பரிமேலழகர் உரையில் இல்லை. சமண நூல்களில் உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாகவும், அவற்றை மனம், மொழி, மெய் என மும்மடியாகவும் அவர்கள் வினையைப் பகுத்தனர்.

நீலகேசியின் பீலி நியாயம் இங்கே இன்னும் கூர்மையானது. கொலையின்றிப் பெறப்படும் உடற்பொருள் குற்றமற்றது எனின், தானே இறந்த மாட்டின் தோலை உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, ஏற்றச் சாலும் செருப்பும் செய்து தந்த பழைய ஊர்த் தொழிலாளி பீலி ஏந்திய துறவியோடு ஒரே தட்டில் நிற்க வேண்டியவன். அவன் ஓருயிரையும் கொல்லவில்லை, கொல்விக்கவும் இல்லை. ஆயினும் ஊர் அவனைத்தான் சேரிக்கு அப்பால் நிறுத்தியது. ஊனை விலைக்குக் கொண்டவன் தெருவில் இருந்தான்; தோலைத் தொட்டவன் தெருவுக்குள் வரவில்லை. கொலை, கொள்முதல், தொடுகை என்னும் மூன்றனுள் கொல்லாமை நூல்கள் முதல் இரண்டையே குற்றமாக்கின. சமூகமோ மூன்றாவதைக் குற்றமாக்கியது. இங்கே நடந்தது ஹிம்சைக்கு அஞ்சிய விலக்கு அன்று. தீட்டுக் கொள்கை அஹிம்சையின் உடையை உடுத்து வந்தது.

இதனை நீலகேசி காணவில்லை என்பதே அந்நூலின் குறை. தருக்கத்தில் எதிர்வாதியை மடக்குவதில் நிறைவு கொள்ளும் அந்நூல், சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கைகளால் உழைப்பவனை ஒருமுறையும் உரையாடலுக்கு அழைப்பதில்லை. அவள் வாதிட்டவர் அனைவரும் ஆசிரியர்கள்.

உரைமரபின் உள்ளிருக்கும் விடை

வைணவ உரைமரபு இவ்விடத்தில் இருவகையாகப் பேசுகிறது. இரண்டையும் மறையாது சொல்லுதல் கடன். தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் சமணர் மீதும் சாக்கியர் மீதும் வீசப்படும் சொல் மிகக் கடியது. எம்பெருமானை இகழ்வாரைத் தலையறுத்தலே செயத்தக்கது என்னும் அளவுக்கு ஒரு பாசுரம் செல்கிறது. அது நிபந்தனையோடு கூடிய பேச்சு என்றும், பகவானிடத்துப் பெருங்காதலால் பிறந்த பொறாமை என்றும் அமைதி கூறலாம். அமைதி கூறினும் சொல் சொல்லே. கொல்லாமையைத் தலைமேற்கொண்டோரை நோக்கிக் கொலைச்சொல் எழுந்தது என்னும் முரணை உரைகாரரின் அன்பு விளக்கலாம்; நீக்க இயலாது.

மறுபுறம் நம்மாழ்வாரின் திருவாய்மொழி நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி. இலிங்க புராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் முன்னிலைப்படுத்தி, அவர்களாகவும் அவர்தம் தெய்வங்களாகவும் நிற்பவன் திருக்குருகூர்ப் பெருமானே என்கிறார் ஆழ்வார். இது சமரசப் பேச்சு அன்று, பரத்துவ நிர்ணயம். எனினும் எதிர்வாதியை எம்பெருமானின் உடலுக்குள்ளேயே வைத்துப் பேசுவதால், அவனை அறுத்தெறிய இடமில்லை. திருமாலைப் பாசுரத்தைத் திருவாய்மொழியின் ஒளியில் படிப்பதே மரபுக்குள் நின்று செய்யத்தக்க திருத்தம்.

தொடுகையைக் குற்றமாக்கிய சமூகத்திற்கும் இம்மரபில் மறுப்பு உண்டு. அடியாரின் பிறப்பை ஆராய்வது, அர்ச்சாவதாரத் திருமேனி எதனால் ஆயிற்று என்று ஆராய்வதோடு ஒக்கும் பெருங்குற்றம் என்பது பிள்ளை உலகாசிரியரின் ஸ்ரீவசனபூஷணம் காட்டும் நெறி. மாறனேர்நம்பிக்குப் பெரியநம்பி ஈமக்கடன் இயற்றிய வரலாறு அதன் நடைமுறை. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பிறப்பு நோக்காமை அடியாரிடத்துக் கூறப்பட்டது. அடிமைத்திறம் ஏலாதவனுடைய உழைப்பின் மதிப்பை அது பேசவில்லை. தோல் தொழிலாளி பாகவதனாக வந்தால்தான் பெருமை எய்துவான் எனின், நீலகேசி விட்ட இடைவெளி பாதியே நிரம்பும்.

நீரும் உயிர்

தோலைப் பற்றிய வினா விலங்கோடு முடிவதில்லை. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பெரிதும் பற்றிக்கொண்ட பின், பாலாறு இத்தொழிலின் கழிவுக்கு வடிகாலாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாது போனதாக ஓர் ஆய்வு கண்டதையும் எடுத்துரைத்தது. கேடு நேருமுன் காத்தல், கெடுத்தவரே ஈடு செய்தல் என்னும் இரு கொள்கைகளையும் நாட்டின் சட்டமாக அது ஏற்றது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர்.

சமணம் நிலத்தையும் நீரையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் கொண்டது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது, உடற்கழிவை உயிர்க்குக் கேடு வாராத இடம் பார்த்து நீக்குதல். நடக்குமுன் நிலம் பார்ப்பதும் கழிக்குமுன் இடம் பார்ப்பதும் அச்சமயத்தில் துறவின் நுனிப்பகுதியாகக் கருதப்பட்டன. நீதிமன்றம் தொழிலுக்கு விதித்த முன்காப்பு இச்சமிதியின் உலகியல் வடிவம் எனலாம்.

வைணவர் இவ்வாதத்தை அப்படியே கடன்வாங்க இயலாது. விசிஷ்டாத்வைதத்தில் நீர் அசித்து. அதற்கு நோவு இல்லை. ஆனால் பிருகதாரணியகத்தின் அந்தர்யாமி பிராமணம் நிலத்தையும் நீரையும் எம்பெருமானின் உடல் என்கிறது. எம்பெருமானார் தரிசனத்தின் ஆணிவேர் அதுவே. நீருக்கு நோவில்லை எனினும் நீர் யாருடைய உடலோ அவனுக்கு அது சேஷம். சேஷப்பொருளைத் தன்னதாக்கிக் கெடுப்பது அபசாரம். சமணர் நீரின் பொருட்டு அஞ்சினர். வைணவர் நீரின் உடையவன் பொருட்டு அஞ்ச வேண்டியவர். ஆற்றங்கரை உழவனுக்கும் தொட்டியருகே உறங்கியவனுக்கும் இரண்டு அச்சங்களும் ஒரே காப்பையே தரும்.

நீலகேசியின் வாதம் தருக்கமாக இன்றும் வலியது. அதன் சங்கிலி கொன்றவனிலிருந்து கொண்டவனுக்கு அறாமல் செல்கிறது. ஆனால் அச்சங்கிலியைக் கையில் ஏந்துவோர் அதன் முழு நீளத்தையும் நோக்க வேண்டும். ஆம்பூரில் தைக்கப்படும் காலணி கடல்கடந்து சென்று அணியப்படுகிறது. பொறுப்பும் அங்கே அதனோடு செல்கிறது. இடையில் நின்று தோலை நனைத்தும் உலர்த்தியும் வயிறு வளர்ப்பவன்மேல் அப்பொறுப்பு முழுவதையும் இறக்கிவைப்பது வாமன முனிவர் உரைக்கும் பரிமேலழகர் உரைக்கும் ஸ்ரீபாஷ்யத்திற்கும் ஒருங்கே முரணாகும்.